துறைமுகம் யாருடைய பீட்?

1923 அக்டோபர் 9

காலையில் லூத்தரன் சங்கத்துப் பெண்களின் காபி விருந்து பற்றி எழுதினேன். மதியம் மிஸஸ் ஆல்ட்ரிச்சின் மகளுக்கு நிச்சயமானது பற்றி. மாலையில் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு காரிட்டியின் மேசை முன் போய் நின்றேன்.

ஹால்வர்சன் சிகாகோவுக்கு வேலை மாறிப் போய்விட்டான். துறைமுகச் செய்திக்கு ஆள் இல்லை. நான் அந்த ஏரித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள். சங்கு ஊதினால் எந்தக் கப்பல் என்று சொல்வேன். அங்கே சுமை ஏற்றுபவர்களில் பாதிப் பேர் எங்கள் ஃபின்லாந்து ஆட்கள். அவர்கள் பேச்சு ஹால்வர்சனுக்குக் கடைசி வரை புரியவில்லை. இதையெல்லாம் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது ஒன்றே ஒன்று: "துறைமுகத்தை எனக்குக் குடுங்க சார்."

காரிட்டி எங்கள் 'லேக் டிஸ்பாட்ச்'சின் நகரச் செய்தி ஆசிரியர். பற்ற வைக்காத சுருட்டை வாயின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளினார். "பீட் வேணுமா? மொதல்ல ஒரு பீட் கொண்டா. அப்புறம் பீட் பத்திப் பேசலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் புரிந்தவள் மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

என்ன கொண்டு வரச் சொன்னார்? ஒரு நிருபர் தினமும் சுற்றிவரும் வட்டாரத்துக்குத்தான் பீட் என்று பெயர். போலீஸ்காரனின் ரோந்து வட்டாரத்துக்கும் அதே பெயர். பீட் கிடைக்க பீட் கொண்டு வா என்றால்? பள்ளிக்கூடத்து அகராதியைப் புரட்டினேன். அடித்தல், முட்டையைக் கலக்குதல், இதயத் துடிப்பு.

மாடி அறை எல்மியிடம் சொன்னேன். அவள் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அடி வாங்கிட்டு வரணுமாடி? எத்தனை அடி வேணுமாம்? நான் வேணா போடுறேன்."

அக்டோபர் 10

க்ளெம்மிடம் கேட்டுவிட்டேன். வெளியிலிருந்து நிருபர்கள் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டுச் செய்தியாக எழுதித் தருவது அவர் வேலை. கேலி செய்வார், ஆனால் கேட்டால் சொல்லித் தருவார்.

"அம்மணி, வேற எந்தப் பேப்பர்லயும் வராத செய்தி நம்ம பேப்பர்ல மொதல்ல வந்தா அதுக்குப் பேரு பீட். மத்தவனை முந்திட்டோம், அவன் மூக்கை உடைச்சிட்டோம்னு அர்த்தம். இப்ப வர்ற பசங்க 'ஸ்கூப்'னு சொல்றானுங்க. காரிட்டி பழைய ஆளு. அவருக்கு அது பீட்தான்."

"அப்ப பீட் கொண்டா, பீட் தரேன்னா..."

"எவனுக்கும் கிடைக்காத செய்தியைக் கொண்டா, உனக்குன்னு ஒரு வட்டாரம் தரேன். அவ்ளோதான். ஆனா வட்டாரம் இல்லாம அந்தச் செய்தி உனக்கு எங்கேர்ந்து கிடைக்கும்? அதான் மனுஷன் சிரிச்சிக்கிட்டே சொன்னாரு."

கோபத்தில் காது சூடாகிவிட்டது. கோபம் மட்டும்தானா? இல்லை. உள்ளுக்குள் ஏதோ குதிக்கிறது. வாசலையே காட்டாமல் இருந்தவர் வாசலைக் காட்டியிருக்கிறார். பூட்டித்தான் இருக்கிறது. இருக்கட்டுமே.

அக்டோபர் 20

அச்சுக்கோக்கும் இடத்தில் ஒரு சண்டை. ராவ்தியோ குடும்பத்துக் கல்யாணச் செய்தி. ஃபின்லாந்துப் பெயர்களில் சில எழுத்துகளின் தலைமேல் இரண்டு புள்ளி வரும். அச்சுக்கோப்பவர் அதை விட்டுவிட்டார். "ரெண்டு புள்ளிக்கா மாடி ஏறி வந்த?" என்றார். "உங்க பேரை யாராவது பாதி மென்னுட்டுத் துப்பினா சும்மா இருப்பீங்களா?" என்றேன். முனகிக்கொண்டே புள்ளிகளைத் தேடி எடுத்தார்.

அக்டோபர் 31

இன்றும் பீட் இல்லை. எந்தப் பீட்டும்.

நவம்பர் 14

காற்று இரவெல்லாம் ஜன்னலைப் பிய்த்துவிடுவது போல் அடித்தது. காலையில் ஏரியே தெரியவில்லை, வெறும் வெள்ளை. தெரு முழுக்கப் பனிக்கட்டி. கப்பல்கள் துறைமுகத்துக்குள் வரும் கால்வாயின் சுவரைத் தாண்டி அலை வந்து விழுகிறது.

இரும்புத் தாது ஏற்றும் கப்பல்களெல்லாம் ஏதோ ஒரு கரையில் ஒதுங்கிவிட்டன. 'வின்ஸ்லோ' மட்டும் எங்கே என்று தெரியவில்லை. எல்மியின் புருஷன் ஊர்ஹோ அதில்தான் இருக்கிறான். கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடும் வேலை.

எல்மி அவன் குளிர்சட்டையை அடுப்பருகே காயப் போட்டிருக்கிறாள். அது ஏற்கெனவே காய்ந்துதான் இருக்கிறது.

நவம்பர் 15

வின்ஸ்லோவின் பெயர் எழுதிய உயிர்காப்பு வளையம் ஒன்று கரை ஒதுங்கியிருக்கிறது. உடைந்த ஒரு படகும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எல்மி நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். எங்கள் போட்டிப் பேப்பர் 'ஈவ்னிங் கூரியர்' நிருபன் ப்ரூஸ்டர் வந்திருக்கிறான். தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து, "ஒரு வாய் தண்ணி கிடைக்குமாம்மா?" என்று கேட்டிருக்கிறான். இவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம், சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை, பேப்பரில் போட, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

"ஆணி மட்டும் இருக்குடி," என்றாள். "பாரு, ஆணி மட்டும்."

பக்கத்துத் தெருவில் மிஸஸ் கோஸ்கி வீட்டிலும் இதே கதையாம். மகன் படம் போய்விட்டது. இந்தத் தொழிலில் இது சகஜம் என்று க்ளெம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சகஜம்! எங்கள் பேப்பர் ஆட்களும் செய்திருப்பார்களோ? நாளை கேட்க வேண்டும். கேட்க பயமாகவும் இருக்கிறது.

நவம்பர் 16

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போகட்டும். வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

காலையில் செய்தி அறை சாவு வீடு போல இருந்தது. மாலைப் பதிப்பின் முதல் பக்கத்துக்கு வின்ஸ்லோ ஆட்களின் பெயர்ப் பட்டியல், சுற்றிக் கறுப்புக் கட்டம். கப்பல் கம்பெனி நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "பேரெல்லாம் சரியான்னு பாத்துக் குடும்மா," என்றார் காரிட்டி. அதில் ஊர்ஹோ பெயர் இருந்தது. புள்ளிகளைச் சரிபார்த்தேன். வேறு என்ன செய்வது?

மதியச் சாப்பாட்டு நேரம், க்ளெம்மின் தொலைபேசி அடித்தது. "என்னது? யாரு? கொஞ்சம் மெதுவா..." என்று கத்தினார். பிறகு குழாயைக் கையால் மூடிக்கொண்டு, "ஏதோ கிழவி, உங்க பாஷையில கத்துறா. கல்யாணமா கருமாதியான்னு தெரியல. வெச்சிரவா?" என்றார்.

"வெக்காதீங்க!"

ஓடிப் போய் வாங்கினேன். கிழவி இல்லை. ஹில்யா ராவ்தியோ. வடகரைக் காட்டில் மரம் வெட்டும் முகாமொன்றின் சமையல்காரி. நான் கல்யாணச் செய்தி போட்டது இவள் தங்கைக்குத்தான்.

"சைமாவா? பேப்பர்ல எங்க பேரைப் புள்ளியோட போட்ட பொண்ணா? நல்லதாப் போச்சு. இங்கிலீஷ்காரன்கிட்ட சொல்லித் தொலைக்க முடியல. இங்க பாரு, என் சாப்பாட்டுக் கொட்டகை பூரா ஈரமான மனுஷங்க. பட்டாணிக் கஞ்சி ஒரு பானை காலி. கப்பல்காரங்களாம். சுக்கான் ஒடிஞ்சு பாறையில ஏறிடுச்சாம். கயிறு கட்டிக் கரையேறி, பனியில விடிய விடிய நடந்து வந்திருக்காங்க. அவங்க வீட்டுல சொல்லணுமே, யார்கிட்ட சொல்றது?"

"எந்தக் கப்பல்?" என்றேன்.

"வின்ஸ்லோன்னு ஒருத்தன் சொன்னான்."

காகிதத்தில் 'வின்ஸ்லோ — உயிர்' என்று எழுதி க்ளெம் முன்னால் தள்ளினேன். அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மறுநிமிடம் காரிட்டி என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"பேரு கேளு. ஒவ்வொரு பேரும். ஒரு பேரு தப்பினாக்கூட அச்சடிக்க மாட்டேன்."

ஹில்யா கொட்டகைக்குள் திரும்பிக் கத்தினாள், உள்ளிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பதில் வந்தது, அவள் எனக்குச் சொன்னாள். நான் கறுப்புக் கட்டத்துக்குள் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். கடைசியில் அடிக்காமல் நின்றது ஒரே பெயர், கோஸ்கியின் மகன்.

"கோஸ்கி? கோஸ்கி இல்லையா?"

"அவனா? காலு ஒடிஞ்சு கட்டில்ல கிடக்கான். வாய் மட்டும் நல்லா இருக்கு. ரெண்டாவது கிண்ணம் கேக்கறான்."

எல்லோரும். ஒருவர் விடாமல் எல்லோரும்!

பிறகு ஊர்ஹோவே பேசினான். தொண்டை கட்டி, யாரோ போல. "சைமா, மொதல்ல எல்மிகிட்ட சொல்லிடு. மத்ததெல்லாம் அப்புறம்." கம்பி கரகரத்தது, அறுந்துவிட்டது.

நான் கோட்டை எடுக்கப் போனேன். காரிட்டி வழியை மறித்தார்.

"எங்க போற?"

"அவங்ககிட்ட சொல்ல. கால்வாய் பக்கம்தான் எல்லாரும் நிக்கிறாங்க."

"ப்ரூஸ்டரும் அங்கதான் நிக்கிறான். ஒரு பொம்பளை சிரிச்சாப் போதும், கூரியர் காரன் நமக்கு முன்னால தெருவுல இருப்பான். இது பீட்டும்மா. பத்து வருஷத்துல இந்த ஊருல இப்படி ஒண்ணு யாருக்கும் கிடைச்சதில்ல. மூணு மணிக்கு நம்ம பேப்பர் வெளில வரும். அதுவரைக்கும் யாரும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"மூணு மணி வரைக்கும் அவ விதவையாவே நிக்கணுமா சார்?"

"ரெண்டு நாளா நின்னவங்க ரெண்டு மணி நேரம் நிக்கமாட்டாங்களா? உக்காந்து எழுது."

எழுதினேன். க்ளெம்தான் எழுதுவார் என்று நினைத்தேன். அவர் தன் தட்டச்சு இயந்திரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் அடிக்க அடிக்க, காரிட்டி ஒவ்வொரு தாளாக உருவி அச்சுக்கு அனுப்பினார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அந்த நேரத்து என் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது. எல்மி அங்கே பனியில் நிற்கிறாள், நான் இங்கே பறந்துகொண்டிருக்கிறேன்.

கடைசித் தாள் போனதும், "கால்வாய்க்குப் போய் அவங்க எப்படி நிக்கிறாங்கன்னு பாத்துட்டு வரேன், நாளைக்கு எழுத உதவும்," என்றேன். காரிட்டி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "வாயை மூடிட்டுப் போ," என்றார்.

போனேன்.

கலங்கரை விளக்கத்துப் பக்கம் சுவரோரமாக நின்றார்கள். எல்மி, மிஸஸ் கோஸ்கி, இன்னும் ஏழெட்டுப் பெண்கள். எல்லோர் சால்வையிலும் பனி. ப்ரூஸ்டர் நாலடி தள்ளிப் பென்சிலோடு.

என்ன சொல்லப் போகிறேன் என்று போகும்வரை தெரியாது. எல்மியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். தலையைக் குனிந்தேன். தேவாலயத்தில் ஜெபம் சொல்லும் அதே இழுவையில், எங்கள் மொழியில் சொன்னேன்:

"எல்மி, முகத்தைத் தூக்காதே. ஊர்ஹோ உயிரோட இருக்கான். எல்லாரும் உயிரோட இருக்காங்க. காட்டு முகாம்ல பட்டாணிக் கஞ்சி குடிக்கிறாங்க. நான் அவன்கிட்ட பேசினேன். மூணு மணிக்கு எங்க பேப்பர்ல வருது. அதுக்கு முன்ன கூரியர் காரனுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். ஆனா உன்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியல. இனி உன் இஷ்டம். ஆமென்."

எல்மியின் விரல்கள் என் கையை நொறுக்கிவிட்டன. பிறகு அவள் வாய்விட்டு அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. ப்ரூஸ்டர் பரபரவென்று எழுத ஆரம்பித்தான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எல்மி நிமிர்ந்தாள். கண்ணீருக்கு நடுவே அவனை ஒரு பார்வை பார்த்தாள். என் காதில் சொன்னாள்: "அந்தப் படம் திருடினவனுக்கா? ஒரு வார்த்தை கிடைக்காது."

நேரே மிஸஸ் கோஸ்கியிடம் போய்க் கட்டிக்கொண்டாள். காதில் ஏதோ சொன்னாள். மிஸஸ் கோஸ்கி ஓவென்று கதறினாள். அவள் அடுத்தவளைக் கட்டிக்கொண்டாள். அப்படியே வரிசையாக, ஒவ்வொருத்தியும் முன்னவளைவிடச் சத்தமாக. ஒருத்தி சால்வையால் முகத்தை முழுசாக மூடிக்கொண்டு குலுங்கினாள். அவள் சிரிக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

ப்ரூஸ்டர் என்னிடம் வந்தான். குரல்கூடத் தழுதழுத்தது. "என்னம்மா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"ஜெபம்."

"அழகு," என்று சொல்லி, எழுதிக்கொண்டு, தொலைபேசியைத் தேடி ஓடினான்.

மூன்று மணிக்குத் தெருவில் கூவல் எழுந்தது: "வின்ஸ்லோ ஆட்கள் உயிரோடு! எல்லோரும் உயிரோடு!" மரப்பலகை அளவு எழுத்தில் எங்கள் தலைப்பு. பெண்கள் அப்போதுதான் சால்வைகளை விலக்கினார்கள். அடடா, அந்தச் சிரிப்பு! மிஸஸ் கோஸ்கி பனியில் உட்கார்ந்தே விட்டாள். அடுத்த முனையில் கூரியர் விற்றுக்கொண்டிருந்தது. அதன் தலைப்பு: 'கால்வாயில் விதவைகளின் கண்ணீர் ஜெபம்.' கீழே எல்மியின் கல்யாணப் படம்.

ப்ரூஸ்டர் இரண்டு பேப்பரையும் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றான். எல்மி அவன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"என் படம்."

கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டான்.

நவம்பர் 17

இழுவைக் கப்பலில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஊர் முழுக்கக் கால்வாயில். ஊர்ஹோவின் காது இரண்டும் பனியில் கறுத்துப் போயிருக்கிறது. எல்மி அவனை நடுவழியிலேயே திட்ட ஆரம்பித்தாள், குளிர்சட்டையை மறந்துவிட்டுப் போனதற்கு.

காரிட்டிக்குத் தெரிந்துவிட்டது. ப்ரூஸ்டர் காபிக் கடையில் புலம்பியிருக்கிறான். கண்ணாடித் தடுப்புக்குள் கூப்பிட்டார்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"ஒருத்தி வாயைத் திறந்திருந்தா?"

"நம்ம பீட் போயிருக்கும்."

"உன் வேலையும் போயிருக்கும்."

"தெரியும் சார்."

"மறுபடி இப்படி ஒண்ணு வந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "மறுபடியும் சொல்லுவேன்," என்றேன்.

சுருட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "போய் லூத்தரன் காபி விருந்தை எழுது," என்றார்.

அவ்வளவுதான். ஊரே பேசும் செய்தியைக் கொண்டு வந்துவிட்டு ரொட்டி வகைகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். அழுகை வருகிறது. ஆனாலும் எல்மி கால்வாயில் இன்னும் ரெண்டு மணி நேரம் நின்றிருக்க வேண்டும் என்று எவ்வளவு முயன்றும் நினைக்க முடியவில்லை.

நவம்பர் 22

மீண்டும் நிச்சயதார்த்தம். மீண்டும் மிஸஸ் ஆல்ட்ரிச்.

நவம்பர் 27

காலையில் போனால் சுவர்ப் பலகையில், நீதிமன்றம், காவல் நிலையம், நகரசபை என்ற வரிசையின் கீழே, 'துறைமுகம்' என்பதற்கு எதிரே சாக்கட்டியில் 'எஸ். காந்தோலா.' என் பெயர்! காரிட்டி தலையே நிமிரவில்லை.

க்ளெம்தான் மெதுவாகச் சொன்னார்: "நேத்து மனுஷன் ஒரு புதுப் பையனைத் துறைமுகத்துக்கு அனுப்பிப் பாத்தாரு. சுமை ஏத்துறவங்க ஒருத்தன் கூட அவன்கிட்ட வாயைத் திறக்கலையாம். 'புள்ளி போடுற பொண்ணை அனுப்பு'ன்னுட்டாங்களாம்."

வெளியே வந்து படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். பாவாடை தடுக்கி விழாதது அதிசயம்.

நவம்பர் 28

துறைமுகத்தில் முதல் நாள். கிடங்கு வாசலில் நோவாக் என்ற போலீஸ்காரர் தடுத்தார்.

"பொம்பளைங்க இங்க வரக்கூடாதும்மா. கிளம்பு."

"இது என் பீட்டுங்க."

"என்ன விளையாட்டா? பதினோரு வருஷமா இது என் பீட்டு."

"உங்க பீட்டும்தான். என் பீட்டும்தான்."

அவர் நெற்றியைச் சொறிந்தார். பேப்பர்காரி என்று புரிந்ததும் சிரித்துவிட்டார். "அப்ப நீ அந்தப் பக்கம் சுத்து, நான் இந்தப் பக்கம் சுத்துறேன். திருடனைப் பாத்தா என்கிட்ட சொல்லு. செய்தியைப் பாத்தா நான் சொல்றேன்."

பகல் முழுக்க நடந்தேன். சூரியன் சாயும்போது பாதத்தை உணர முடியவில்லை. இதைவிட நல்ல நாள் எனக்கு இருந்ததில்லை.

டிசம்பர் 12

நேற்று இரண்டு தானியக் கிடங்குகள் கைமாறியிருக்கின்றன. பெரிய வியாபாரம். என் வட்டாரத்தில், என் மூக்குக்குக் கீழே. இன்று கூரியரில் முதல் பக்கம், ப்ரூஸ்டர் பெயரோடு. எங்களிடம் ஒரு வரி இல்லை.

காரிட்டி கூரியரை என் மேசைமேல் அறைந்தார்.

"இது என்ன? உன் பீட்லயே உன்னைப் பீட் பண்ணிட்டுப் போயிருக்கான்! தூங்கினியா? கண்ணை எங்க வெச்சிருந்த? அந்தக் கிடங்கு வாசல்ல தினம் நிக்கிறேன்னு சொன்னியே, எதுக்கு, காத்து வாங்கவா?"

அறையே அதிர்ந்தது. ஒரு பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கும் சேர்த்துத் திட்டினார். சுற்றிலும் தட்டச்சுச் சத்தம் நிற்கவே இல்லை. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீதிமன்றச் செய்தி எழுதும் நிருபரைத் திட்டும்போதும் இப்படித்தான் யாரும் பார்ப்பதில்லை.

உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் கொதித்தது. கிடங்குக் கணக்குப்பிள்ளை, இழுவைக் கப்பல் மாலுமி, நோவாக் — யார் யாரை விட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். சாயங்காலமே மூன்று பேரையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

எல்மி கதவைத் திறந்தாள். "என்னடி முகமெல்லாம் சிவந்து கிடக்கு? திட்டினாங்களா?"

"ஆமா. எல்லார் முன்னாலயும். மத்த நிருபருங்களைக் கிழிக்கிற மாதிரியே கிழிகிழின்னு கிழிச்சிட்டாரு."

"அப்புறம் ஏண்டி சிரிக்கிற?"